முதல் பரீட்சை பாஸான மாப்பிள்ளை

எனக்குக் கல்யாணம் பேசியபோது மாப்பிள்ளை ‘லா பாஸ்’ என்று தரகர் சொன்னார். அது போதாதா என் அப்பாவுக்கு! லா பாஸ் பண்ணினவர் வக்கீல்தானே என்று, பத்திரிகையில் ‘வக்கீல்’ என்றே அச்சடித்து ராசிபுரம் சந்தை முழுக்கக் கொடுத்துவிட்டு வந்தார். மாப்பிள்ளை வீட்டாரும் வாயைத் திறக்கவில்லை.

நாமக்கல்லுக்குக் குடித்தனம் வந்த பிறகுதான் எனக்கு விஷயம் விளங்கியது. பி.ஏ. முடித்துவிட்டு மெட்ராஸ் லா காலேஜில் முதல் வருஷம் எஃப்.எல்., அடுத்த வருஷம் பி.எல். அதோடு விட்டதா? பெரிய வக்கீல் ஒருவரிடம் ஒரு வருஷம் தொழில் பழக வேண்டும், அதற்கும் ஒரு பரீட்சை. அப்புறம்தான் ஹைகோர்ட்டில் பெயர் பதிந்து கறுப்புக் கவுன். இதற்கும் மேலே எம்.எல். என்று ஒன்று உண்டாம். அதை யார் படிக்கிறார்களோ, தெரியாது. என் வீட்டுக்காரர் தாண்டியிருந்தது எஃப்.எல். மட்டும். பி.எல்.லில் ஒருதரம் கோட்டை விட்டுவிட்டு, மறுபடி எழுத வீட்டிலிருந்தே படித்துக்கொண்டிருந்தார். சாட்சியச் சட்டத்தை உரக்கப் படித்தபடி கூடத்தில் நடப்பார். அஞ்சாங் கிளாஸோடு நின்ற எனக்கே அதில் பாதி மனப்பாடம். அவருக்கு மட்டும் பரீட்சையில் எப்படித்தான் மறந்து தொலைத்ததோ!

ஒரு வெள்ளிக்கிழமை அப்பா வண்டி கட்டிக்கொண்டு வந்து இறங்கினார். பொதுக் கிணற்றில் அப்பாவுக்குத் தண்ணீர் இறைக்கிற முறையே கிடையாது என்று பங்காளி ஒருவர் கேஸ் போட்டிருந்தார். சம்மன் வந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. மாப்பிள்ளை இருக்கும்போது வேறு வக்கீல் வைத்தால் அவருக்கு அவமானம் என்று அப்பா அதைப் பெட்டியிலேயே பத்திரமாக வைத்திருந்தார். வாய்தா திங்கட்கிழமை. அன்று யாரும் ஆஜராகாவிட்டால் ஒருதலையாகத் தீர்ப்பாகிவிடும். அந்தக் கிணறு போனால் அப்பாவின் காட்டு வெள்ளாமை மழையை நம்பித்தான் கிடக்க வேண்டும்.

என் வீட்டுக்காரர் சம்மனைப் படித்துவிட்டு, பார்க்கலாம் மாமா என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சமையலறைக்கு அழைத்து என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டேன். காய்ச்சல் என்று படுத்துக்கொள்ளலாமா என்று யோசிக்கிறாராம் மனுஷர்!

“ஏனுங்க, நீங்க சொல்றீங்களா, நானே போய்ச் சொல்லட்டுமுங்களா?” என்றேன்.

அப்பா சாப்பிட்டுக் கை கழுவும்வரை என் வீட்டுக்காரர் காத்திருந்தார். பிறகு எதிரில் போய் நின்றார்.

“மாமா, கோர்ட்டுல எந்திரிச்சு நிக்கிற தகுதி எனக்கு இன்னும் வரலீங்க. நான் பாஸ் பண்ணுனது மொதப் பரீச்சை மட்டுந்தானுங்க.”

அதோடு நிறுத்தவில்லை. தெருக்கோடியில் இருக்கும் இரண்டாம் கிரேடு பிளீடரைப் பார்க்கலாம் என்றும் அவரே சொன்னார். அந்தப் பிளீடர் காலேஜ் வாசலை மிதிக்காதவர்; பிளீடர் பரீட்சை மட்டும் எழுதி, முன்சீப் கோர்ட்டில் வாதாடுகிறவர். அவர் படித்தது இவர் படித்ததில் பாதிகூட இராது. அவரிடம் போகலாம் என்று இவர் வாயாலேயே சொல்ல வேண்டியிருந்தது. கல்யாணத்தன்று கூட எனக்கு இவர்மேல் அத்தனை பிரியம் வந்ததில்லை.

அப்பா என்னை ஒருதரம் பார்த்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

“அவரு வூடு எதுங்க மாப்ள? வாங்க, போலாம்” என்றார்.

திங்கட்கிழமை பிளீடர் ஆஜரானார். வாய்தா வாய்தாவாக இழுத்து, கடைசியில் கிணற்று முறையை அப்பாவுக்கே வாங்கிக் கொடுத்தார்.

என் வீட்டுக்காரரும் பி.எல். பாஸ் பண்ணி, சேலத்தில் தொழில் பழகி, நாமக்கல்லுக்கே திரும்பி வந்து கவுன் போட்டார். அப்பா வாழைத்தாரோடு வந்து மனசு நிறைய வாழ்த்தினார். அதற்குப் பிறகும் அப்பாவுக்கு நாலைந்து கேஸ்கள் வந்தன. ஒவ்வொரு தரமும் எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டு, காகிதக் கட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு தெருக்கோடிப் பிளீடர் வீட்டுக்கே போனார். இவர் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அப்பா அந்த வீட்டுக்குள் நுழையும்வரை வாசலில் நின்று பார்த்துவிட்டு உள்ளே வருவார்.