மார்லிஸின் கோட்டுப் பைகள்

மழலையர் வகுப்பு வாசலில், பனி ஒட்டிய பூட்ஸ்கள் கிடக்கும் ரப்பர் விரிப்பின்மேல் நின்று, மார்லிஸ் தன் கோட்டின் இரண்டு பைகளையும் வெளியே இழுத்துத் தொங்கவிடுகிறாள். பிறகு குழாயடிக்குப் போய் முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுத் தேய்க்கிறாள். இப்படிச் செய்யும்படி யாரும் அவளிடம் சொல்லவில்லை.

ஊர்க் கடைத்தெருவில் இரும்புக் கடை ஒன்றில் கல்லாவில் இருப்பவள். யார் எந்தத் தாளைக் கசக்கினாலும், "ஐயோ, தூக்கிப் போட்றாதீங்க! அதுக்குள்ள ஒரு இதயம் ஒக்காந்திருக்கு" என்று பாய்ந்து வாங்கிக்கொள்வாள். பெயிண்ட் நிறம் பார்க்கச் சும்மா கொடுக்கும் அட்டைகளில், சிவப்பும் ரோஜா நிறமும் அவள் கடையில் மட்டும் எப்போதும் காலி. மகள் பிரிட்டாவின் வகுப்பில் பண்டிகைக்குப் பண்டிகை வாழ்த்து அட்டை செய்யச் சொல்லிக்கொடுப்பது அவள்தான். பசை அவள் தலைமுடியில் ஒட்டியிருக்காத பண்டிகையே கிடையாது.

வகுப்பில் மிட்டாய் கூடாது என்ற சட்டமும் அவள் கொண்டுவந்ததே. டெஸ்மண்ட் என்ற பையனுக்கு வேர்க்கடலை ஆகாது, மேலே பட்டாலே வீங்கிவிடும். மற்றவர்கள் கடலை மிட்டாய் தின்னும்போது அவன் கையைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு வேடிக்கை பார்ப்பதைக் கண்டவள், பெற்றோர் ஒருவர் விடாமல் எல்லோரிடமும் சண்டைக்கு நின்றாள். "மிட்டாய் வாங்கிக் குடுக்க யாரால முடியாது? ஒக்காந்து, வெட்டி, ஒட்டிக் குடுங்க பாப்போம்!" அப்படித்தான் மிட்டாய்ப் பொட்டலம் போய், சூரியகாந்தி விதையும் ரிப்பன் வால் கட்டிய பென்சிலும் நூலில் கோத்த இரும்பு வளையங்களும் வந்தன.

அந்த மார்லிஸுக்கு ஒரு பலவீனம். வேர்க்கடலை வெண்ணெய் அடைத்த சாக்லேட். பள்ளி வளாகத்தில் காரை நிறுத்தி, கண்ணாடியில் மூச்சாவி படிய உட்கார்ந்து, ரகசியமாக ஒன்றை வாயில் போட்டுக்கொண்டுதான் இறங்குவாள். கிறிஸ்துமஸுக்கு முந்திய வாரமும் அப்படியே இறங்கினாள். கை கழுவவில்லை. உப்புப் போட்டுப் பிசைந்த விளையாட்டு மாவில் நட்சத்திரம் செய்த டெஸ்மண்டின் விரல்களைத் தன் விரல்களால் பிடித்து அழுத்திக் காட்டினாள். அவன் கண்ணைக் கசக்கினான். பார்த்துக்கொண்டிருக்கும்போதே இமைகள் வீங்கி மூடிக்கொண்டன.

பள்ளி நர்ஸ் மருந்து கொடுத்துவிட்டார். அதற்குள் வகுப்பின் லிண்ட்கிரென் டீச்சர், யார் வேர்க்கடலை கொண்டுவந்தது என்று குழந்தைகளின் சாப்பாட்டுப் பைகளை ஒவ்வொன்றாகக் கவிழ்த்துத் தேடத் தொடங்கினார். ரோரி என்ற பொடியன், "நான் இல்ல டீச்சர், நான் எதுவும் கொண்டாரல" என்று அழுதான். மார்லிஸ் சுவரோரம் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் பையைத் திருப்பி உதறும் வரைக்கும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அதற்குப் பிறகே வாய் திறந்தது.

"அவன் பையில இல்ல டீச்சர். என் கோட்டுல இருக்கு."

மகனைக் கூட்டிப்போக ஓடிவந்த டெஸ்மண்டின் தாய் ஜோவன் கத்தக்கூட இல்லை. "நீயா மார்லிஸ்? எங்க எல்லார் வாயையும் கட்டுனவ நீதானே?" என்று மட்டும் கேட்டாள். பிரிட்டா தன் தாயைப் பார்க்காமல் மாவை உருட்டிக்கொண்டிருந்தாள். வெட்கம் மார்லிஸைப் பிடுங்கித் தின்றது. டெஸ்மண்டுக்கு வந்த வீக்கத்தைவிட, ரோரி அழுததைப் பார்த்துக்கொண்டு நின்ற நேரம்தான் இன்றும் அவளைத் தூங்கவிடுவதில்லை. இனி வகுப்புப் பக்கம் வரமாட்டேன் என்றாள். "நீ வராட்டி இந்தப் படையோட பசையில யாரு மாட்டிக்கிறது? வந்து சேரு" என்று டீச்சர்தான் திரும்ப இழுத்தார்.

இன்று காதலர் தினத்துக்கு அட்டை செய்கிறார்கள். ஐந்து வயதுக்காரர்களின் காதலில் பாரபட்சம் கிடையாது. வகுப்பில் எல்லோருக்கும் ஆளுக்கொன்று கொடுத்தாக வேண்டும். மார்லிஸ் கத்தரிகளை நீட்டுகிறாள், பசை மூடியைத் திறந்து தருகிறாள், எந்தக் குழந்தையின் விரலையும் தொடுவதில்லை. வேலை இல்லாத நேரத்தில் கைகள் அக்குளுக்குள் போய்விடுகின்றன.

டெஸ்மண்ட் சிவப்புத் தாளுடன் வந்து நிற்கிறான். "மிஸ் மார்லிஸ், ஒங்க கைய வைங்க. பெரிய கை வரையணும். அதுக்குள்ள என் கை."

"டீச்சர் கைய வரைஞ்சுக்கோடா செல்லம்."

"அவங்க கை குட்டி. ஒங்களதுதான் பெருசு."

அவள் எழுந்து போய் மறுபடியும் சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, முகர்ந்து பார்த்துவிட்டு வருகிறாள். தாளின்மேல் கையை மல்லாத்தி, உள்ளங்கையும் விரலிடுக்கும் தெரிய விரித்து, அவன் பார்க்கட்டும் என்று காத்திருக்கிறாள்.

"இப்படி இல்ல" என்கிறான் டெஸ்மண்ட். அவள் மணிக்கட்டைப் பிடித்துக் கையைக் கவிழ்த்துப் போட்டு, தன் இடது கையால் அதை அழுத்திக்கொண்டு, சுண்டுவிரலிலிருந்து வரைய ஆரம்பிக்கிறான்.