ஹார்லன் பிடுங்கிய தட்டி

ஹார்லன் கிரெட்ஸ் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர். அதற்காக ஒருநாளும் தலை குனிந்தது கிடையாது. இளவயது முழுக்க இண்டியானாவின் சோளக்காட்டுச் சாலைகளில் பன்றி லாரி ஓட்டினார். பன்றிக்கு வயிறு முட்டத் தண்ணீர் காட்டி எடையை ஏற்றிக்கொண்டு வருகிறவன் எவன் என்பதை, அவன் வண்டியை விட்டு இறங்கும் விதத்திலேயே சொல்லிவிடுவார். அந்த மூக்கை நம்பித்தான் ஷெரீஃப் அவரைக் காவல் வேலைக்கு எடுத்தார். பிறகு டெல்ஃபோர்ட் கவுண்டி என்கிற அந்த மாவட்டத்தின் அரசு வக்கீல் பைரன் மேடக்ஸ் அவரைத் தன் அலுவலகத்துக்கு விசாரணை ஆளாக இழுத்துக்கொண்டார். கல்லூரியில் படித்தவர்கள் இரண்டு பேர் அந்த வேலைக்கு மனுப் போட்டிருந்தார்கள். கிடைத்தது ஹார்லனுக்கு.

அந்த அலுவலகத்தின் கதை இதுதான். ஷெரீஃப் பிடிப்பார், நீதிபதி தண்டிப்பார்; ஆனால் வழக்குப் போடுவதா வேண்டாமா என்று முடிவு செய்வது அரசு வக்கீல் ஒருவர்தான். அவரை உட்கார வைப்பது ஊர் போடும் ஓட்டு. துணை வக்கீல்கள், தட்டச்சு செய்யும் ஃபெர்ன், ஹார்லன் எல்லாரும் அவர் வைத்த ஆட்கள். அவர் தோற்றால் அத்தனை பேரும் மூட்டை கட்ட வேண்டியதுதான். இன்னொரு சங்கதியும் உண்டு. கவுண்டி கொடுக்கும் சம்பளம் போதாது என்பதால், காலையில் நீதிமன்ற மாடியில் ஊருக்கு வக்கீலாக இருக்கும் பைரன், மதியத்துக்கு மேல் சதுக்கத்தின் எதிர்ப்பக்கம் தன் சொந்த அலுவலகத்தில் உயிலும் பத்திரமும் எழுதுவார். ஒரே ஆள், இரண்டு கதவு. ஹார்லனின் கண் எப்போதும் அந்த இரண்டாவது கதவின் மேல்தான்.

அந்த வருடம் பிப்ரவரியில், பனி உறைந்த சாலையோரம் டிராக்டருக்குச் சங்கிலி மாட்டிக்கொண்டிருந்த லேலண்ட் ஆஸ்டர் மீது ஒரு பிக்கப் வண்டி ஏறியது. லேலண்டுக்கு ஒரு கால் போயிற்று. ஓட்டியவன் ரிக்கி ஸ்டோக்ஸ், முழுப் போதை. அவன் அப்பா வெண்டல் ஸ்டோக்ஸ்தான் தானியக் கிடங்குக்குச் சொந்தக்காரர். கவுண்டியில் பாதிச் சோளம் அவர் தராசில் ஏறித்தான் இறங்கும்.

சாட்சிகளைத் தேடிப் பிடித்தது ஹார்லன். ஆஸ்பத்திரி நடையில் லேலண்டின் மனைவி லெனோராவிடம் வாக்குக் கொடுத்ததும் அவர்தான்.

"லெனோரா, அந்தப் பயல் கோர்ட்டுல நிப்பான். இது நான் சொல்றது."

"சொல்றது நீங்க. வழக்குப் போடறது பைரன் ஆச்சே?" என்றாள் அவள்.

மார்ச் போயிற்று, ஏப்ரல் வந்தது. வழக்கு வரவில்லை. வந்தது தேர்தல். மே மாதம் கட்சிக்குள் நடக்கும் முதல் சுற்று; அதில் ஜெயித்தால் அங்கே நவம்பர் பொதுத் தேர்தலும் ஜெயித்த மாதிரி. பைரனை எதிர்த்து கிளிஃப் ரோமர் என்ற வக்கீல் நின்றார். வீட்டுப் புல்வெளிகளில் வேட்பாளர் பெயர் எழுதிய தட்டிகள் முளைத்தன. அந்த ஊரில் வாய் பொய் சொல்லும், தட்டி சொல்லாது. யார் வீட்டு முன்னால் யார் பெயர் நிற்கிறதோ, அந்த வீட்டுச் சாப்பாட்டு மேசைப் பேச்சே அதுதான்.

ஒருநாள் காலை தானியக் கிடங்கின் முன்னால் பைரனின் நீலத் தட்டி நின்றது. ஹார்லன் வண்டியை நிறுத்தி அதை வெறித்துப் பார்த்தார்.

மாடிப்படி ஏறியதும் ஃபெர்னிடம் கேட்டார். "ஸ்டோக்ஸ் வீட்டு உயிலை எழுதினது யாரு?"

"நம்ம ஆளுதான். எதிர்ப்பக்கத்து ஆபீஸ்ல," என்றாள் ஃபெர்ன், தட்டச்சை நிறுத்தாமல். "ஏன், உனக்கும் அதுல பங்கு வருதா?"

"நாத்தம் அடிக்குது ஃபெர்ன்."

"பன்றி லாரில இருபது வருஷம் குந்தியிருந்தா எல்லாமே நாறும். போய்யா, வேலையப் பாரு."

வெள்ளிக்கிழமை, பழைய ராணுவத்தார் மன்றத்தில் மீன் விருந்து. பைரனும் வெண்டல் ஸ்டோக்ஸும் ஒரே மேசையில் உட்கார்ந்து முட்டைக்கோஸ் கிண்ணத்தைக் கைமாற்றிக்கொண்டிருந்தார்கள். ஸ்டோக்ஸ் ஏதோ சொல்ல, பைரன் சிரித்தார். ஹார்லன் மீன் தட்டைத் தள்ளி வைத்தார்.

"என்ன ஹார்லன், உங்க வக்கீலுக்கு இந்த வருஷம் சோளம் நல்ல விளைச்சலாமே?" என்று பின்னாலிருந்து ஒருவன் கேட்டான். மேசையே சிரித்தது.

மறுநாள் காலை ஹார்லன் தன் வீட்டு முன்னால் நின்ற பைரனின் தட்டியைப் பிடுங்கிக் கொட்டகைக்குள் எறிந்தார். அரசு வக்கீலின் சொந்த ஆள் அவர் தட்டியைப் பிடுங்குவது என்றால், ஊருக்கு வேறு தண்டோரா வேண்டாம். மத்தியானத்துக்குள் காப்பிக்கடை முழுக்க அதே பேச்சு. திங்கட்கிழமை ரோமர் வீடு வீடாகப் போய் ஒரே வரியைச் சொன்னார்: "அவரோட ஆளே அவரை நம்பலை."

அன்று சாயங்காலம் பைரன் ஹார்லனின் வீட்டுக்கு வந்தார். கோட்டைக்கூடக் கழற்றாமல் புல்வெளியில் இருந்த ஓட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"புல்லு மொட்டையா இருக்கே, ஹார்லன்."

"மனசு சரியில்லாத இடத்துல பேரு நிக்கக் கூடாது, வக்கீலே. ஸ்டோக்ஸ் உங்ககிட்ட உயில் எழுதின கட்சிக்காரன். அவன் பையன் மேல வழக்கு வரலை. இதை எட்டாவது படிச்சவன்கூடக் கூட்டிப் பார்ப்பான்."

"கட்சிக்காரன்தான். அதனாலதான் அந்த வழக்கை நான் தொட முடியாது. பக்கத்துக் கவுண்டி வக்கீல் நடத்தட்டும்னு நீதிபதிகிட்ட வெளிய தெரியாம, மூடிய மனுவா கேட்டிருந்தேன். இன்னிக்குத்தான் கையெழுத்தாச்சு. நாளைக்குக் காலைல பையனைப் பிடிக்கிறாங்க."

"அப்போ கிடங்கு முன்னால நிக்கற தட்டி?"

"ஸ்டோக்ஸ் அவனா வச்சான். நான் கேக்கலை. பிடுங்கியிருந்தா அவனுக்கு விளங்கியிருக்கும். பையன் ராவோட ராவா ஃப்ளோரிடா மாமா வீட்டுக்குப் போயிருப்பான்."

"மீனு?"

"ஊர்ல ஒரே மீன் விருந்து. அவன் வந்து என் எதிர்ல குந்தினான். எந்திரிச்சு ஓடவா சொல்றீங்க?"

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே!"

வந்ததிலிருந்து பைரன் முதல்முறையாகச் சிரித்தார். "உங்க மூஞ்சியக் கண்ணாடில பார்த்திருக்கீங்களா? சந்தேகம் அதுல எழுதி ஒட்டியிருக்கு. ஸ்டோக்ஸ் தினம் அதைப் படிச்சுட்டு, நான் அவன் பக்கம்தான்னு நிம்மதியா தூங்கினான். சொல்லியிருந்தா நீங்க நெஞ்சை நிமித்திக்கிட்டு நடந்திருப்பீங்க. எல்லாம் கெட்டிருக்கும்."

ஊரையே படிக்கிறவருடைய முகத்தை ஊரும் படித்துக்கொண்டிருந்தது என்ற செய்தி ஹார்லனுக்கு எப்படிச் சுட்டிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அப்போதும் அவர் முழுதாக இறங்கிவரவில்லை. கட்சிக்காரனைப் பகைக்காமல் கைகழுவவும் இதுதானே வழி என்று உள்ளே ஒன்று முணுமுணுத்தது. அதைக் கேட்டும் விட்டார்.

"நேர்மைக்காகச் செஞ்சீங்களா, தப்பிக்கவா?"

"அதை நீங்களே விசாரிச்சுக்கோங்க," என்று சொல்லிவிட்டுப் பைரன் வண்டியேறினார்.

விடிந்ததும் ரிக்கியைப் பிடித்தார்கள். வெண்டல் ஸ்டோக்ஸ் தன் கையாலேயே நீலத் தட்டியை உடைத்து, ரோமரின் சிவப்புத் தட்டியை நட்டார். அவர் தராசை நம்பிப் பிழைக்கிறவர்கள் வாசலிலும் சிவப்பு ஏறியது. மிச்சத்தை ஹார்லனின் மொட்டைப் புல்வெளி முடித்துவைத்தது. மே மாதச் சுற்றில் பைரன் தோற்றார்.

நவம்பரில் ஜெயிக்கப் போவது ரோமர் என்றாலும், அந்த வழக்கு அவர் கைக்கு எட்டாது. அது பக்கத்துக் கவுண்டி வக்கீலிடம் இருந்தது. அக்டோபரில் ரிக்கி கோர்ட்டில் நின்றான். பக்கத்துக் கவுண்டி வக்கீல் ஹார்லனைச் சாட்சிக் கூண்டில் ஏற்ற, அவர் விசாரித்துக் கண்டதையெல்லாம் பிசிறில்லாமல் சொன்னார். ரிக்கி சிறைக்குப் போனான். வெளியே லெனோரா, ஊன்றுகோலோடு நின்ற லேலண்டின் கையைப் பிடித்திருந்தாள்.

"சொன்னபடி நிக்க வச்சீங்க, ஹார்லன்."

"வச்சது நானில்ல," என்றார். அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்ததை ஃபெர்ன் வெகுநாள் நம்பவில்லை.

டிசம்பரில் எல்லாரும் மேசையைக் காலி செய்தார்கள். ஹார்லன் வீட்டுக்கு வந்து, கொட்டகையில் கிடந்த நீலத் தட்டியைத் துடைத்து, கடப்பாறையால் உறைந்த மண்ணைக் குத்தி, பழைய ஓட்டையிலேயே நட்டார். தோற்றவன் பெயரைப் பனியில் நிறுத்தியிருக்கிறாரே என்று போகிறவர் வருகிறவர் சிரித்தார்கள். அவர் ஜன்னலோரம் காப்பியோடு உட்கார்ந்து, வேகத்தைக் குறைக்கிற ஒவ்வொரு வண்டியையும் முறைத்துக்கொண்டிருந்தார். எவனோ ஒருவன் அதைப் பிடுங்கத்தான் வருவான் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.