விழிப்புணர்வு ராமாமணி

“காலங்காத்தால ஆறே காலுங்க. கோலம் போட்டுட்டு நிமிர்றேன், பக்கத்துல ஒரு பைக்கு வந்து நிக்குது” என்று சொல்லி ராமாமணி அம்மாள் நிறுத்துவார். முன்வரிசையில் யாராவது ஒருவர் “அய்யோ” என்றாக வேண்டும். சொல்லாவிட்டால் இன்னும் கொஞ்சம் காத்திருப்பார். அதன் பிறகுதான் பைக்கின் பின்னால் இருப்பவன் கையை நீட்டுவான்.

எங்கள் ரங்கநாயகி லேஅவுட்டின் கடைசி வீடு இவருடையது. வயது அறுபத்து மூன்று. கணவர் பம்புசெட் கம்பெனியில் வேலை பார்த்துக் காலமானவர். மூன்று ஆண்டுகளுக்கு முன் வாசலிலேயே சங்கிலியைப் பறிகொடுத்தார். அன்றிலிருந்து காவல்துறையினர் அந்தச் சங்கிலியைத் தேடியதைவிட இவரைத் தேடி வந்ததுதான் அதிகம். குற்றத் தடுப்பு விழிப்புணர்வுக் கூட்டம் எங்கே நடந்தாலும் காலையில் ஜீப் வந்து நிற்கும். கல்யாண மண்டபம், மகளிர் கல்லூரி, ஒருமுறை யோகா வகுப்பு. பேனரில் பெயர் போடுவார்கள். பெயருக்குக் கீழே ‘பாதிக்கப்பட்டவர்’ என்று பட்டமும் போடுவார்கள். சங்கிலி கிடைக்கவில்லை. பொன்னாடை மட்டும் ஏழு கிடைத்திருக்கிறது. அதில் இரண்டு இப்போது தலையணை உறை.

பலமுறை சொன்னதில் கதை நன்றாகத் தேறிவிட்டது. முதல் கூட்டத்தில் திருடன் ஒல்லிப் பையன். பத்தாவது கூட்டத்தில் தாடி வளர்ந்து, தோள் அகன்று, கையில் பச்சையும் குத்தியிருந்தான். நான் கேட்டே விட்டேன். அம்மாள் அசரவில்லை. “மூணு வருசமாச்சுங்களே. அவனும் கொஞ்சம் சதை போட்டிருக்க மாட்டானுங்களா?”

கூட்டம் முடிந்து போலீசார் பேனரைச் சுருட்டும்போதுதான் அம்மாளின் உண்மையான வேலை ஆரம்பிக்கும். ஒவ்வொரு பெண்ணாக அருகில் வந்து அவரவர் பறிகொடுத்த கதையைச் சொல்லுவார்கள். காவல் நிலையத்தில் “நாளைக்கு வாங்க” என்று கேட்டே பழகியவர்கள். இவர் அவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு கடைசி வரை கேட்பார். யாருக்கு எந்தத் தெருவில், எந்த மாதிரிச் சங்கிலி போனது என்பது இவருக்கு மனப்பாடம். இந்தப் பட்டியலைக் காவல்துறை ஒருபோதும் கேட்டதில்லை. மேடையில் பேசுவதற்குத்தானே அழைத்து வருகிறார்கள்.

போன தை மாதம் ஒரு கும்பல் பிடிபட்டது. மீட்ட நகைகளை உரியவர்களிடம் ஒப்படைக்க விழா என்றார்கள். சப்-இன்ஸ்பெக்டர் அருள்குமார் வீட்டுக்கே வந்து சொன்னார்.

“அம்மா, உங்க சங்கிலி கெடச்சிருச்சுங்க. வெள்ளிக்கிழமை மேடையில வாங்கிக்கிறீங்க.”

“ஏனுங்க, அடையாளம் பாக்க வேண்டாமுங்களா?”

“எடை கரெக்டா இருக்குதுங்கம்மா.”

எடை ஒன்றாக இருந்தால் பொருளும் ஒன்றுதான். இந்தக் கணக்கின்படி நானும் எதிர்வீட்டுச் சென்னகேசவனும் ஒரே ஆள்.

வெள்ளிக்கிழமை மண்டபம் நிறைந்திருந்தது. உயர் அதிகாரி ஒருவர் வெல்வெட் தட்டிலிருந்து சங்கிலியை எடுத்துக் கொடுத்தார். கேமராக்கள் நெருங்கின. அம்மாள் வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். கொக்கிக்குப் பக்கத்து வளையத்தில் கறுப்பாக ஒரு மணி சிக்கியிருந்தது. கருகமணி. முஸ்லிம் பெண்களுக்குக் கல்யாணத்தில் கட்டுவது. கொக்கி உடைந்து, செப்புக் கம்பி சுற்றியிருந்தது.

“சிரிங்கம்மா, போட்டோ” என்றார் அருள்குமார் மெதுவாக.

“சார், இது என்ற சங்கிலி இல்லீங்களே.”

“அதப் பொறவு பேசிக்கலாங்க. இப்ப வாங்கிக்கங்க.”

மூன்று வருடமாக வெறும் கழுத்து. விசேஷ வீடுகளுக்குக் கவரிங் போட்டுக்கொண்டு போய், அதைப் புடவைக்குள் மறைத்துக்கொண்டு உட்கார்ந்தவர். “பொய் சொல்லக் கூடாதுங்க. கையில அந்தக் கனம் நல்லாத்தான் இருந்துச்சு” என்று பின்பு என்னிடம் சொன்னார். பேசாமல் இருந்திருந்தால் காவல்துறைக்கு ஒரு வழக்கு முடிந்திருக்கும். அவருக்கும் கழுத்து நிறைந்திருக்கும். அது யாருடையது என்று கேட்க ஆளே இல்லை.

அம்மாள் மைக்கை வாங்கினார். கதை கேட்கத் தயாராகி முன்வரிசை நிமிர்ந்து உட்கார்ந்தது.

“இது டவுன் பக்கத்துல இருக்கிற பக்ருன்னிசாவோட சங்கிலிங்க. மணியெல்லாம் ரோட்டுல செதறிப்போச்சுன்னு என்ற கையப் புடிச்சு அழுதுச்சு. கொக்கி ஒடஞ்சு செப்புக் கம்பி சுத்தியிருக்கும்னு அதுவே சொல்லுச்சு. கம்பி இங்க இருக்குது பாருங்க. அந்தப் புள்ளையக் கூப்புடுங்க.”

உயர் அதிகாரி சிரித்த முகத்தை மாற்றாமல் அருள்குமாரைத் திரும்பிப் பார்த்தார். அப்படிச் சிரிக்கப் பயிற்சி வேண்டும். பக்ருன்னிசாவின் புகார் இன்னொரு நிலையத்தில் ஒன்றரை வருடமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. இரண்டு நிலையங்களுக்கும் நடுவே இருப்பது ஒரே ஒரு மேம்பாலம். அன்று மாலையே அந்தக் காகிதம் அதைக் கடந்து வந்துவிட்டது.

அதன் பிறகு எங்கள் தெருவுக்கு ஜீப் வரவில்லை. மக்களிடம் போதுமான விழிப்புணர்வு வந்துவிட்டது போலிருக்கிறது.

ஒரு மத்தியானம் பக்ருன்னிசா வந்தார். நாற்பது வயதிருக்கும். புது மணி கோத்த சங்கிலி கழுத்தில் இருந்தது. நானும் அப்போது அங்கே இருந்தேன். டீயைக் குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைத்தார்.

“நீங்க பேசாம வாங்கியிருந்தா எனக்குத் தெரியவே தெரியாதுங்கக்கா.”

“ஏங்கண்ணு, கருகமணி போட்டுக்கிட்டு நான் எந்த விசேசத்துக்குப் போறது? சொந்தக்காரங்க என்னையத் திருடின்னு ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போயிருவாங்க.”

பக்ருன்னிசா சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். “உங்க சங்கிலி, அக்கா?”

“வரும், வரும்” என்று அம்மாள் டம்ளர்களை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். அந்தக் குரலில் மேடைப் பேச்சு எதுவும் இல்லை.

ஆட்டோ வந்தது. கேட் வரை கூடவே போனார். தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். தன் வளையலில் கோத்திருந்த ஊக்கைக் கழற்றி, பக்ருன்னிசாவின் முந்தானையைக் கழுத்து மூட இழுத்து, சங்கிலி வெளியே தெரியாதபடி குத்திவிட்டார்.