பூசணிக்காயில் வந்த முகம்

ஒரு ஓவியத்தைப் பார்த்து "நல்லா இருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்து போகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அது யாருடைய மூக்கு, அந்த ஆளை எங்கே பிடித்தார்கள், எதற்காகப் பிடித்தார்கள் என்று கேட்க வேண்டாமா? சிதம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் ட்ராயிங் மாஸ்டர். வாரத்துக்கு ஒரு பீரியட் கொடுப்பார்கள். பரீட்சை நெருங்கினால் அதையும் கணக்கு வாத்தியார் பிடுங்கிக்கொள்வார். கிடைக்கிற நேரத்தில் பாதி வரைவேன், பாதி கதை சொல்வேன். பிள்ளைகளுக்குக் கதைதான் பிடிக்கும்.

இத்தாலியில் ஒரு மடத்தின் சாப்பாட்டுக் கூடத்தில், ஏசு தன் சீடர்களோடு கடைசியாகச் சாப்பிட உட்கார்ந்த காட்சியை ஒருவர் சுவரில் வரைந்துகொண்டிருந்தார். காட்டிக்கொடுத்தவனுக்கு மட்டும் முகம் அகப்படவில்லை. மடத்தின் தலைவர் தினமும் வந்து "முடிந்ததா, முடிந்ததா" என்று நச்சரித்தார். வேறு முகம் கிடைக்காவிட்டால் இவர் முகத்தையே வைத்துவிடுகிறேன் என்று ஓவியர் சொன்னாராம். அதன் பிறகு தலைவர் தோட்ட வேலையைக் கவனிக்கப் போய்விட்டார் என்று சொல்வார்கள்.

இன்னொருவர் ரோமாபுரியில் போப்பாண்டவரின் கோயில் சுவர் முழுக்கத் தீர்ப்பு நாளை வரைந்தார். இத்தனை அம்மண உருவங்கள் கோயிலுக்கு ஆகாது என்று ஒரு அரண்மனை அதிகாரி வாயைக் கொடுத்தார். அவரைப் பிடித்து, கழுதைக் காது வைத்து, இடுப்பில் பாம்பைச் சுற்றி, நரகத்தில் நிறுத்திவிட்டார் ஓவியர். அதிகாரி போப்பிடம் போய் முறையிட்டாராம். நரகத்தில் எனக்கு அதிகாரம் கிடையாதே என்று அவர் கையை விரித்துவிட்டாராம். இந்த 'சொன்னாராம்', 'முறையிட்டாராம்'களில் எவ்வளவு உண்மை என்று எனக்குத் தெரியாது. அந்த முகம் மட்டும் இன்றைக்கும் சுவரில் இருக்கிறது.

எல்லாம் வெளிநாட்டுக் கதையா சார் என்று எவனாவது கேட்டால் எங்கள் ஊர்க் கோயிலின் வடக்குக் கோபுரத்துக்கு அழைத்துப் போவேன். அங்கே விஜயநகரத்து ராஜா கும்பிட்டபடி நிற்கிறார். அவரைக் காட்ட எல்லோரும் இருக்கிறார்கள். அதே கோபுர வாசலில் வேலை செய்த ஸ்தபதிகள் தங்கள் உருவத்தையும் செதுக்கி, அளவுகோலையும் செதுக்கி வைத்திருக்கிறார்கள். அவர்களைக் காட்டிவிட்டுத்தான் நான் பிள்ளைகளுக்குக் கடலை மிட்டாய் வாங்கிக் கொடுப்பேன்.

இந்தக் கதைகள் பிடிக்காத ஒரே ஆள் என் அக்கா. "ஒனக்கு வேற பேச்சே வராதாடா" என்பாள். அவள் இருப்பது கடலூரில், திருப்பாதிரிப்புலியூரில். அவள் கணவரை நான் மாமா என்று கூப்பிடுவேன். ரயில்வே ஸ்டேஷன் பக்கம் எரிந்துபோன மோட்டாருக்குச் செப்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். அதிர்ந்து பேசத் தெரியாத மனுஷர். அவர்கள் சொந்தமாக ஒரு வீடு கட்டினார்கள். அந்த வீட்டால்தான் சிக்கல் வந்தது.

மாமாவுக்கு ஒரே அண்ணன். அண்ணாகிராமத்தில் முந்திரியும் பலாவும் வைத்திருக்கிறார். அவர் எனக்குப் பெரிய மாமா. அவர்களுடைய அப்பா இறந்தபோது என் மாமா தவழ்கிற குழந்தை. அம்மாவும் சீக்கிரமே போய்விட்டார். பெரிய மாமாதான் முந்திரி உடைக்கப் போய், பலாப்பழ லாரியில் ஏறி இறங்கி, தம்பியை ஐடிஐ வரைக்கும் படிக்க வைத்தார். அப்படிப்பட்ட அண்ணனை மனை பூஜைக்கு மாமா நேரில் போய் அழைக்கவில்லை. கடையில் வேலை ஜாஸ்தி என்று போனில் சொல்லிவிட்டு, பத்திரிகையை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார். முதல் கல்லை எடுத்து வைக்க வேண்டியவர் வரவில்லை.

"போன்ல கூப்புட்டவன் வூட்டுக்குப் போன்லயே வந்துட்டுப் போயிட்டேன்னு சொல்லு" என்று பெரிய மாமா யாரிடமோ சொல்லியனுப்பினார். அதோடு பேச்சு நின்றது. வீடு எழும்பி, பூச்சு முடிந்து, டைல்ஸ் ஒட்டும் வரைக்கும் நின்றே இருந்தது. சுவர் உயர உயர மாமா இளைத்துக்கொண்டே போனார். அக்கா என்னிடம் சொல்லி அழுதாள். "அவுரு வராம பால் காச்சினா இந்த வூடு எங்களுக்கு வூடா இருக்காதுடா."

கிரகப்பிரவேசத்துக்கு அழைக்க மாமா, அக்கா, நான் மூன்று பேரும் நேரில் போனோம். பண்ருட்டியில் இறங்கி, தட்டு, பழம், வெற்றிலை பாக்கு எல்லாம் வாங்கிக்கொண்டு அடுத்த பஸ் பிடித்தோம். பெரிய மாமா தட்டை வாங்கிக்கொண்டார். "வெயில்ல வந்துருக்கீங்க, மோர் குடிங்க" என்றார். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. இடது புருவம் மட்டும் மேலே ஏறியே இருந்தது. கீழுதடு முன்னால் தள்ளியிருந்தது. கத்தினால்கூடப் பதில் சொல்லலாம். இப்படி உட்கார்ந்திருப்பவரிடம் என்ன பேசுவது? மோரைக் குடித்துவிட்டு வந்துவிட்டோம். பஸ்ஸில் மாமா வெளியே பார்த்துக்கொண்டே வந்தார்.

விசேஷத்துக்கு முந்தின நாள் நான் போய்ச் சேர்ந்தேன். அக்கா ஒரு வெள்ளைப் பூசணிக்காயை என் மடியில் வைத்தாள். புது வீட்டு வாசலில் திருஷ்டிக்குக் கட்டுவதற்கு. "ட்ராயிங் மாஸ்டர வூட்ல வச்சிக்குனு கடையில போயி வாங்கணுமா? பயந்து ஓடுற மாரி ஒரு மூஞ்சி போட்டுக் குடு" என்றாள்.

எனக்கும் ஆசைதான். பெயின்டர்கள் மிச்சம் வைத்துவிட்டுப் போன எனாமல் பெயின்டில் கறுப்பும் சிவப்பும் வெள்ளையும் இருந்தன. உருட்டி முழிக்கும் கண்கள், காதுவரை மீசை, இரண்டு பக்கமும் கோரைப் பல் என்று ரசித்துப் போட்டேன். கடையில் விற்கிற பூசணிகளில் எல்லாம் ஒரே அரக்கன்தான் இருப்பான், அச்சடித்த மாதிரி. நான் போட்டது உண்மையிலேயே கோபப்பட்டது. மாமா அதைக் கயிற்றில் கட்டி, கற்பூரம் காட்டி, நிலைவாசலுக்கு மேலே தொங்கவிட்டார்.

கோலமாவோடு வாசலுக்கு வந்த அக்கா அண்ணாந்து பார்த்தாள். அப்படியே நின்றாள்.

"டேய், இது பெரிய மாமாடா."

பார்த்தேன். ஏறிய இடது புருவம். தள்ளிய கீழுதடு. கோரைப் பல்லை எடுத்துவிட்டால் அவரேதான். சத்தியமாக நான் வேண்டுமென்று செய்யவில்லை. கோபமான முகம் ஒன்று வேண்டும் என்று கை தேடியிருக்கிறது. கடைசியாகப் பார்த்ததை எடுத்துப் போட்டுவிட்டது. நான் பதற்றத்தில், ரோமாபுரி அதிகாரிக்கும் இப்படித்தான் ஆனது என்று ஆரம்பித்தேன்.

"ஒன் ரோமாபுரில தீய வைக்க. மொதல்ல அத எறக்குடா!"

இறக்க மாமா விடவில்லை. கற்பூரம் காட்டிக் கட்டியதை வீடு புகுமுன் அவிழ்க்கக் கூடாதாம். சரி, முகத்தை மாற்றிவிடலாம் என்று ஸ்டூல் போட்டு ஏறினேன். புருவத்தைத் தடிமனாக்கினேன். இன்னும் அதிகமாக அவர் மாதிரி ஆனது. உதட்டைச் சிவப்பாக்கினேன். வெற்றிலை போட்ட பெரிய மாமா ஆனார். அக்கா கீழே நின்று தலையில் அடித்துக்கொண்டாள். கடைசியில் மாவிலைத் தோரணத்தை இறக்கி முகத்தை மறைத்துக் கட்டினோம்.

"வந்தாதானே பாக்கப் போறாரு" என்றார் மாமா. அவர் அப்படிச் சொன்னது எனக்குத் தாங்கவில்லை.

அன்று சாயங்காலம் புது ஹாலில் இறந்துபோன பெரியவர்களுக்குப் படைத்தார்கள். மாமாவின் அம்மாவுக்கு ஒரு சிறிய போட்டோ இருந்தது, யாரோ கல்யாணத்தில் எடுத்த குரூப் போட்டோவிலிருந்து பெரிதாக்கியது. அப்பாவுக்கு அதுவும் இல்லை. ஒரு பலகையில் மடித்த வேட்டியும் துண்டும் வைத்து, அதற்குக் குங்குமம் வைத்தார் மாமா. எந்த வருஷமும் அப்படித்தானாம். அப்பா எப்படி இருப்பார் என்று அவருக்குத் தெரியாது. அந்த முகத்தைப் பார்த்த ஒரே ஆள் அண்ணாகிராமத்தில் கோபமாக உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் காலையில் பசுமாடு வந்தது, ஐயர் வந்தார், சொந்தக்காரர்கள் வந்தார்கள். நல்ல நேரம் தொடங்கியதும் ஐயர் அவசரப்படுத்தினார். "இன்னும் அஞ்சு நிமிஷம் சாமி" என்று மாமா அவரிடம் கெஞ்சிக்கொண்டே இருந்தார். பால் பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு அக்கா தெருவையே பார்த்தாள்.

பெரிய மாமா ஆட்டோவில் வந்து இறங்கினார். கையில் ஒரு பலாப்பழம். அக்காவின் முகம் மலர்ந்தது. நான் நிலைவாசலை அண்ணாந்து பார்த்தேன். காற்றில் மாவிலை ஒதுங்கி முகம் முழுசாகத் தெரிந்துகொண்டிருந்தது. படியேறியவர் நிமிர்ந்தார். பலாப்பழத்தைக் கீழே வைத்தார். பூசணியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"யாரு வரஞ்சது?"

"நான்தான் மாமா" என்றேன். "தெரியாம..."

"எங்கப்பன நீ எங்கடா பாத்த?"

எனக்கு முதலில் புரியவில்லை. அவர் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். "டேய் தம்பி, இங்க வா. வந்து பாரு. அப்பாவுக்குக் கோவம் வந்தா இப்பிடித்தான் இருப்பாரு. அப்பிடியே இருக்குது பாரு."

மாமா ஓடி வந்தார். பூசணியைப் பார்த்தார். பிறகு பக்கத்தில் நின்ற அண்ணனைப் பார்த்தார். அண்ணன் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போய் அடுப்பைப் பற்றவைக்கச் சொன்னார். பால் பொங்கியது. அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே எல்லோருக்கும் பால் கொடுத்தாள்.

சாப்பாடு முடிந்து கூட்டம் கலைந்ததும் பெரிய மாமா என்னைக் கூப்பிட்டார். "மாஸ்டரு, பூசணி அழுவிப்புடும். பேப்பர்ல வரஞ்சிக் குடு." பெயின்ட் வாசம் போகாத ஹாலில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். நான் சார்ட் பேப்பரைப் பலகையில் மாட்டினேன். தேவாரம் பாடிய ஒரு பெரியவர், கல்லோடு கட்டிக் கடலில் தள்ளப்பட்டு, இந்த ஊரில்தான் கரையேறினார் என்பார்கள். புல் செதுக்கும் உழவாரப்படையைத் தோளில் சாய்த்தபடி கோயில் கோயிலாக வெண்கலத்தில் நிற்கிறார். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு வார்த்தவர் யாரும் இருந்திருக்க முடியாது. எந்தத் தெருவில் எந்தக் கிழவரைப் பார்த்து அந்தத் தளர்ந்த முகத்தைச் செய்தார்களோ என்று பல தடவை யோசித்திருக்கிறேன். இப்போது என் முன்னால் ஒருவர் தானாகவே வந்து உட்கார்ந்திருந்தார்.

"மூக்கு என்னுதுதான். அப்பிடியே போடு" என்றார். "மீச இவ்ளோ இல்ல. நெத்தி கொஞ்சம் அகலம். காது மட்டும் என்னுது இல்ல. அவனுது."

"என்னுதா?" என்றார் மாமா.

"ஒன்னுதுதான். அப்பிடியே அப்பா காது."

மாமா தன் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். ஐம்பதை நெருங்குகிற மனுஷர், காதில் ஏதோ புதிதாக முளைத்துவிட்ட மாதிரி தடவிக்கொண்டே இருந்தார். அவரையும் ஒரு நாற்காலி போட்டு அண்ணன் எதிரில் உட்கார வைத்தேன். ஒருவரிடமிருந்து மூக்கையும் இன்னொருவரிடமிருந்து காதையும் எடுத்துக்கொண்டேன். வாய்க்கு வந்தபோது பெரிய மாமா என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"கோவமா போடாத. அவுரு எப்பவும் அப்பிடி இல்ல. இவன் பொறந்தப்பறம் சிரிச்ச மூஞ்சியாத்தான் இருந்தாரு. அதப் போடு."

"நீங்க சிரிங்க மாமா, போட்டுடுறேன்."

அவர் முயன்று பார்த்தார். உதடு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டதே தவிரச் சிரிப்பு வரவில்லை. "வரலியே" என்று என்னைப் பார்த்தார். அந்தக் குரலில் கோபத்தின் மிச்சம்கூட இல்லை.

"எப்பண்ணா சிரிப்பாரு?" என்று மாமா கேட்டார்.

"முந்திரிக் கொல்லையில வேல முடிச்சிட்டு வந்து ஒக்காருவாரு. நீ முட்டி போட்டுக்குனே வந்து அவுரு காலப் புடிச்சிக்குவ. வுடவே மாட்ட. அப்ப சிரிப்பாரு."

மாமா நாற்காலியை விட்டு இறங்கினார். பட்டு வேட்டியோடு தரையில் மண்டி போட்டு, அண்ணனின் இரண்டு கால்களையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். மன்னிப்புக் கேட்டாரா, அப்பாவைப் பார்க்க ஆசைப்பட்டாரா என்று எனக்குத் தெரியாது. இரண்டுமாகத்தான் இருக்கும்.

"ஏந்திரிடா, பைத்தியக்காரா" என்றார் பெரிய மாமா. சொல்லும்போதே கண் நிறைந்து, முகம் முழுக்கச் சிரிப்பு வந்துவிட்டது. நான் பென்சிலை ஓடவிட்டேன்.

மாமா காலை விடவில்லை. அண்ணாந்து பார்த்து, "இப்பிடித்தான் இருப்பாராண்ணா?" என்று கேட்டார்.

"இப்பிடித்தாண்டா இருப்பாரு."