ஜும்மாவுக்கு இறக்கிய மெயின் சுவிட்ச்

யுத்தம் முடிந்த ஆண்டு, ஒரு வெள்ளிக்கிழமை. கல்முனையில் நான் நடத்திய கணினி வகுப்பில், சுனாமிக்குப் பிறகு நன்கொடையாக வந்த பத்துக் கணினிகள் இருந்தன. பத்திலும் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டிருந்தேன். ஆனால் தமிழில் அடித்தால் வெறும் கட்டங்கள்தான் வரும். எழுத்துரு முதற்கொண்டு எல்லா மென்பொருள் பொதிகளையும் இணையத்திலிருந்து இறக்க வேண்டும். எங்கள் டெலிபோன் லைனோ ஒரு பொதிக்கே அரை நாள் தின்னும்.

வகுப்புக்கு வந்த, நாங்கள் ராத்தா என்று கூப்பிடும் ஓர் அக்காவின் கணவரைக் கடல் கொண்டுபோயிருந்தது. இரண்டு பிள்ளைகள். அடுத்த புதன்கிழமை அவருக்கு ஓர் அரச வேலைக்கான தமிழ்த் தட்டச்சுப் பரீட்சை. "கட்டத்தப் பார்த்து என்னத்த தம்பி படிக்கிற?" என்று கேட்டுக் கேட்டே என்னைக் கொன்றார்.

கொழும்பில் வேலை செய்த காரைதீவு நண்பன், முழுப் பொதிக் களஞ்சியத்தையும் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் கொண்டுவந்தான். சோதனைச்சாவடியில் அதைப் பிரட்டிப் பிரட்டிப் பார்த்தார்களாம். ஒரு கணினியில் அதை நகலெடுத்தால் போதும், மற்ற ஒன்பதும் வயர் வழியே அதிலிருந்தே எடுத்துக்கொள்ளும். இணையமே வேண்டாம்! எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. டிஸ்க் மட்டும் மாலை பஸ்ஸில் அவனோடு திரும்பியாக வேண்டும். காலையிலேயே நகலெடுக்கப் போட்டுவிட்டு அவன் சாப்பிட வீட்டுக்குப் போனான்.

வெள்ளிக்கிழமை ஜும்மாத் தொழுகைக்குப் பாங்கு ஒலித்தது. ஊரில் கடைக்காரர் எல்லாரும் செய்வதையே நானும் செய்தேன்: மெயின் சுவிட்சை இறக்கி, கதவைப் பூட்டி, பள்ளிவாசலில் முன்வரிசையில் போய் உட்கார்ந்தேன். குத்பா பிரசங்கம் பாதி போனபிறகுதான், நகலெடுத்துக்கொண்டிருந்த கணினியையும் சேர்த்து அணைத்துவிட்டேன் என்பது மண்டையில் உறைத்தது. யா அல்லாஹ்! குத்பா நேரம் வாய் திறக்கக் கூடாது. எழும்பினால் ஊரே பார்க்கும். அன்றைக்கென்று பிரசங்கம் நீண்டுகொண்டே போனது.

தொழுகை முடிந்த கையோடு ஓடினேன். சுவிட்சைப் போட்டுப் பார்த்தால், நகல் பாதியில் அறுந்து கிடந்தது. முதலிலிருந்து தொடங்கினால் பஸ் நேரத்துக்குள் முடியாது. தலையில் கை வைத்து நின்றபோது நண்பன் வந்தான்.

"உனக்கு மூளை இருக்கா மச்சான்?" என்று ஏசிக்கொண்டே கீபோர்டைப் பிடுங்கினான். "விட்ட இடத்தில இருந்து இழுக்க ஏலும். சும்மா நில்லு."

ஏலும்தான்! பஸ்ஸுக்கு அரை மணி இருக்க கடைசிக் கோப்பும் வந்தது. அவன் டிஸ்க்கோடு ஓடினான். நான் அடுத்த கணினியில் கட்டளையை அடித்தேன். பொதிகள் சரசரவென்று இறங்கின. மாலை வகுப்புக்கு வந்து காத்திருந்த ராத்தாவைக் கூப்பிட்டேன்.

"உங்கட பேர அடிச்சுப் பாருங்க ராத்தா."

"பேர் பரீட்சைக்கு வராது" என்று பழைய வினாத்தாளை எடுத்து விரித்தார். "அடிச்சு முடிக்க எவ்வளவு நேரம் எடுக்குதெண்டு மணியப் பாருங்க தம்பி. நாலு நாள்தான் இருக்கு."

எழுத்துகள் தமிழாகவே வந்து விழுந்தன. நான் துள்ளிக் குதித்தேன். அவர் தலை நிமிரவேயில்லை.