குட்டி கறிக்கு மாறிய மழைக்காலம்

2008 ஆகஸ்டில் என் கணவர் இறந்தார். கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு மோட்டார் சைக்கிளில் வந்துகொண்டிருந்தவரை ஆலப்பாக்கத்துக்குச் சற்று முன்னால் லாரி ஒன்று இடித்துவிட்டது. காரியமெல்லாம் முடிந்து உறவினர்கள் கிளம்பிப் போன பிறகு வீட்டில் மூன்று பேர் மிஞ்சினோம். நான், என் மாமனார், ஒரு பூனைக்குட்டி.

குட்டியைக் கொண்டுவந்தவர் என் கணவர்தான். மெடிக்கல் ரெப் வேலை என்பதால் வாரத்தில் இரண்டு நாள் புதுச்சேரிக்குப் போவார். அங்கே ஒரு டாக்டர் வீட்டுப் பூனை போட்ட குட்டிகளில் ஒன்றை ஜூன் மாதத்தில் மருந்துப் பையில் வைத்துத் தூக்கிவந்தார். சாம்பல் நிறம், வயிறு மட்டும் வெள்ளை. எங்கள் வீடு தலைமுறை தலைமுறையாகச் சைவம். முட்டைகூட உள்ளே வந்ததில்லை. பூனைக்கு என்ன போடுவது என்று மாமா கேட்டபோது, அதெல்லாம் பாக்கெட்டில் வருகிறது என்று அவர் ஒரு தீனிப் பாக்கெட்டை எடுத்து வைத்தார். மிளகைவிடக் கொஞ்சம் பெரிதாக, பழுப்பு நிறத்தில், காய்ந்த மணிகள். பாக்கெட்டின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் கோழி, மீன் என்றெல்லாம் போட்டிருந்ததை மாமா படிக்கவில்லை. நான் படித்துவிட்டும் சொல்லவில்லை.

குட்டி அதைத் தவிர வேறு எதையும் தொடாது. பால் வைத்தால் முகர்ந்துவிட்டுப் போகும். தயிர்சாதத்தைக் காலால் மண் தள்ளுவது போலத் தள்ளும். பாக்கெட் தீனியையும் தட்டில் போட்டால் அரைமனதாகத்தான் தின்னும். அவர் உள்ளங்கையில் வைத்து நீட்டினால்தான் முழுசாகச் சாப்பிடும்.

அவர் போன பிறகு என் கையிலிருந்தும் தின்றது, கொஞ்சமாக. செப்டம்பரில் ஒருநாள் அது கொல்லையில் குந்திக் குந்தி எழுந்திருப்பதைப் பார்த்தேன். சிறுநீர் வரவில்லை. ஒரு சொட்டு வந்தது, அதுவும் சிவப்பாக. அலுவலகத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டுக் கூடையில் போட்டு மாட்டாஸ்பத்திரிக்கு எடுத்துப் போனேன். டாக்டர் வயதானவர். மேஜைமேல் குட்டியைப் பிடித்து வயிற்றை அமுக்கிப் பார்த்தார். மெல்லிய குழாய் வைத்துச் சிறுநீரை எடுப்பதற்குள் அது போட்ட சத்தத்தில் வெளியே கட்டியிருந்த ஆடுகள் மிரண்டன. எல்லாம் முடிந்த பிறகு, என்ன தீனி போடுகிறீர்கள் என்று கேட்டார். சொன்னேன்.

"காஞ்சதயே தின்னுது, தண்ணி குடிக்கறதில்ல. மூத்திரம் கெட்டியாயி உள்ள மணல் மாதிரி சேந்துடுச்சி. அதே தீனிய குடுத்தீங்கன்னா மறுபடி அடைச்சிக்கும். கறி குடுங்கம்மா. பச்சையா."

"நாங்க சைவம் சார்."

"நீங்கதானம்மா சைவம்."

அவர் கேலியாகச் சொல்லவில்லை. கைகழுவிக்கொண்டே மற்றதையும் விளக்கினார். ஒரேயடியாக மாற்றக்கூடாது. பிடிவாதம் பிடிக்கிறதே என்று பட்டினி போடவும் கூடாது, ஒரு நாளைக்கு மேல் சாப்பிடாமல் இருந்தால் பூனைக்கு ஈரல் கெட்டுவிடும். கோழிக்கறியைக் கழுத்தெலும்போடு நைசாகக் கொத்தி, ஈரலும் நெஞ்சும் கொஞ்சம் சேர்த்து, இரண்டு மூன்று நாள் ஐஸில் உறைய வைத்துப் பிறகு கொடுக்கலாம் என்றார். நான் ஒரு மருந்துச்சீட்டின் பின்புறத்தில் எழுதிக்கொண்டேன்.

அன்று மாலை மாமாவிடம் சொன்னேன். அவர் பத்திரப் பதிவு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அதிகம் பேசமாட்டார். மகன் போன பிறகு இன்னும் குறைந்துவிட்டது.

"அவன் கொண்டாந்தது. வெளிய வுட்டுடுன்னு சொல்ல எனக்கு வாய் வரலம்மா. ஆனா வீட்டுக்குள்ள வேணாம். ஃபிரிட்ஜுலயும் வேணாம்."

அவர் அவ்வளவு சொன்னதே எனக்குப் போதுமானதாக இருந்தது. ஆனால் கறியை யார் வாங்குவது? சிதம்பரத்தில் எங்கள் வீட்டைத் தெரியாதவர்கள் குறைவு. கணவன் போன ஒரு மாதத்தில் நான் கறிக்கடையில் நின்றால் என்ன பேசுவார்களோ என்று பயந்தேன். அந்தப் பயத்தை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அப்போது உண்மையாகவே பயந்தேன்.

நான் வேலை பார்த்தது கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஓர் அலுவலகத்தில். தினமும் பஸ்ஸில் போய்வருவேன். அங்கே எனக்கு அடுத்த மேஜையில் இருந்த பெண் துறைமுகத்தை ஒட்டிய முதுநகரைச் சேர்ந்தவள். கிறிஸ்தவக் குடும்பம், என்னைவிட ஏழெட்டு வயது சின்னவள். மதிய இடைவேளையில் அவளிடம் சொன்னபோது, பாதி சொல்வதற்குள்ளேயே, நான் எடுத்தாறேன்கா என்றாள். அவளே வாங்கி, கொத்தி, உள்ளங்கை அளவுக்குச் சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டித் தன் வீட்டு ஃபிரீஸரில் உறைய வைத்தாள். என் கணவருக்குத் தடுப்பு மருந்து மாதிரிகள் வரும் தெர்மாகோல் பெட்டி ஒன்று வீட்டில் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு போனேன். அவள் துறைமுகத்தில் கிடைக்கும் மீன் ஐஸைப் போட்டு அடைத்துக் கொடுத்தாள்.

முதல் நாள் அந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். வாடை வருகிறதோ என்று குனிந்து குனிந்து பார்த்தேன். பக்கத்தில் இருந்த அம்மாள் நகர்ந்து உட்கார்ந்தபோது வாடை தாங்காமல்தான் நகர்ந்தார் என்று தோன்றியது. ஆலப்பாக்கம் வரும்போது நான் எப்போதும் கண்ணை மூடிக்கொள்வேன். அன்று பெட்டி நழுவாமல் பிடித்துக்கொண்டிருந்ததில் அந்த இடம் கடந்ததையே கவனிக்கவில்லை. பரங்கிப்பேட்டைக்குப் பிரியும் சாலையைத் தாண்டிய பிறகுதான் நினைவுக்கு வந்தது. பெரிய தவறு செய்துவிட்டது போல இருந்தது.

கொல்லையில் துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் ஒரு பீங்கான் தட்டில் கறியை வைத்தேன். அதன் நிறத்தைப் பார்க்கமுடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். குட்டி வந்தது, முகர்ந்தது, என்னைப் பார்த்தது, போய்விட்டது. அடுத்த நாளும் அதே. வெந்நீரில் பொட்டலத்தை வைத்து வெதுவெதுப்பாக்கிக் கொடுத்துப் பார்த்தேன். ஒருமுறை நக்கிவிட்டுத் தலையை உதறியது. இரவு பாக்கெட் தீனி போட்டால்தான் சாப்பிட்டது. மறுபடி அடைத்துக்கொள்ளுமோ என்று ஒவ்வொரு முறையும் கொல்லையில் அதன் பின்னாலேயே போய் நின்றேன்.

வழி சொன்னது முதுநகர்க்காரிதான். அவள் அண்ணன் குழந்தைக்கு மாத்திரையைப் பொடித்துத் தேனில் குழைத்துக் கொடுப்பார்களாம். "அந்தத் தீனிய நுணுக்கி கறி மேல தூவுங்கக்கா. வாசன புடிச்சி வந்துடும்" என்றாள்.

வந்தது. பதினைந்து மணிகளைக் காகிதத்தில் மடித்துக் கல்லால் நுணுக்கித் தூவினேன். குட்டி மேலிருந்த பொடியை நக்கியது. நக்கும்போது கறியும் கொஞ்சம் நாக்கில் ஒட்டி உள்ளே போனது. ஒரு வாரத்துக்குப் பிறகு பத்து மணி. பிறகு எட்டு. சில நாள் பிடிவாதம் பிடித்தால் மறுபடி பன்னிரண்டு. கல்லில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருப்பேன்.

அப்போதுதான் எனக்கு இன்னொன்று உறைத்தது. அது அவர் கடைசியாக வாங்கிவந்த பாக்கெட். நுனியை அவர்தான் பல்லால் கடித்துக் கிழித்திருந்தார். அந்தக் கிழிசல் அப்படியே இருந்தது. அவர் சட்டைகளை யார் யாருக்கோ கொடுத்துவிட்டார்கள், வண்டி போலீஸ் ஸ்டேஷனிலேயே கிடந்தது. தினமும் என் கைக்கு வந்தது அந்தப் பாக்கெட் மட்டும்தான். புதுச்சேரியில் வேறு வாங்கலாம். ஆனால் அது அவர் வாங்கியதாக இருக்காது. அக்டோபர் கடைசியில் ஒரு கைப்பிடி மிச்சமிருக்கும்போது பாக்கெட்டைச் சுருட்டி, ரப்பர் போட்டு, அலமாரியில் என் புடவைகளுக்கு அடியில் வைத்துவிட்டேன். அதன் பிறகு மூன்று நாள் வெறும் கறியை வைத்தேன். குட்டி பாதி தின்றது, பாதி வைத்தது. பொடி இல்லாமல் முழுசாகத் தின்னுமா என்று தெரிந்துகொள்ள எனக்கே அவசரமில்லை. நாலாம் நாள் மனசு கேட்காமல் பாக்கெட்டை எடுத்து இரண்டு மணி மட்டும் நுணுக்கினேன். அதன் பிறகு தினமும் அப்படித்தான். இரண்டு, இல்லாவிட்டால் ஒன்று.

நவம்பரில் மழை பிடித்துக்கொண்டது. நான் கடலூரில் இருந்த ஒருநாள் மதியத்துக்கு மேல் சாலையில் தண்ணீர் ஏறி சிதம்பரம் பஸ் நின்றுவிட்டது. ரயிலும் இல்லை என்றார்கள். முதுநகர்க்காரியின் வீட்டுக்குப் போனேன். மறுநாளும் மழை விடவில்லை. அவள் வீட்டு வாசலில் நின்று மாமாவுக்கு செல்போனில் பேசினேன். அவர் தனக்கு ரசம் வைத்துக்கொண்டதாகச் சொன்னார். பிறகு, "அது நேத்திலேருந்து கத்திக்கிட்டே இருக்கும்மா" என்றார்.

பெட்டியில் கறி இல்லை என்பது எனக்குத் தெரியும். ஒரு நாளைக்கு மேல் பட்டினி கூடாது என்று டாக்டர் சொன்னதும் தெரியும். புடவைகளுக்கு அடியில் பாக்கெட் இருக்கிறது, அதை முழுக்கத் தட்டில் கொட்டிவிடுங்கள் என்று சொன்னேன். சொல்லி முடித்ததும் போனை அவளிடம் கொடுத்துவிட்டு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டேன். அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

மூன்றாம் நாள் பஸ் விட்டார்கள். வீட்டுக்கு வந்து நேராகக் கொல்லைக்குப் போனேன். குட்டி துவைக்கும் கல்லின் மேல், தாழ்வாரத்து ஓட்டுக்கு அடியில் ஒண்டிப் படுத்திருந்தது, வயிறு நிறைந்து. தட்டில் அந்தக் கைப்பிடி தீனி அப்படியே சாரலில் ஊறி, உப்பி, எறும்பு மொய்த்துக் கிடந்தது. பக்கத்தில் வாழை இலைத் துண்டில் கறி தின்ற அடையாளம்.

மாமா பின்னால் வந்து நின்றார். தீனியைக் கொட்டியதும் குட்டி முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டதாம். கையில் வைத்து நீட்டியும் பார்த்தாராம், அவர் மகன் செய்ததைப் போல. வாயைத் திறக்கவில்லை. பிறகு குடையை எடுத்துக்கொண்டு கறிக்கடைக்கு எதிர்ச்சாரியில் போய் நின்று, தெரிந்த ஆட்டோக்காரர் ஒருவரை உள்ளே அனுப்பி வாங்கிவரச் சொல்லியிருக்கிறார். இரண்டு கவர் போட்டு, விரல்நுனியில் பிடித்துக்கொண்டு வந்து இலையில் தட்டியிருக்கிறார். அப்புறம் தலைக்குக் குளித்துவிட்டு, அன்று சாப்பிடாமலே படுத்திருக்கிறார்.

"இன்னொரு தடவ என்ன அனுப்பாதம்மா" என்றார்.

நான் அனுப்பவில்லை. அதைச் சொல்லவும் இல்லை. சரி மாமா என்றேன்.

அவர் உள்ளே போனதும் தட்டை எடுத்தேன். ஊறிப்போன தீனியைக் குப்பையில் தட்டுவதற்கு மனம் வரவில்லை. வைத்துக்கொள்ளவும் அதில் ஒன்றும் இல்லை. கொல்லை மூலையில் முருங்கைமரத்தடியில் கொட்டி மண்ணைத் தள்ளினேன். அப்போதுதான் அழுதேன். ஆகஸ்டில், ஆள் மாற்றி ஆள் வந்து கட்டிக்கொண்டு அழுத நாட்களில், எனக்கு அப்படி அழுகை வரவில்லை.

இரண்டு வாரம் கழித்து மாட்டாஸ்பத்திரியில் டாக்டர் குட்டியின் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, இனி பயமில்லை என்றார். அதற்கடுத்த ஜனவரியில் முதுநகர்க்காரி கல்யாணம் முடிந்து சேத்தியாத்தோப்புப் பக்கம் போய்விட்டாள். ஐஸ் பெட்டிக்கு வழியில்லை. மாமாவை அனுப்புவதாகவும் இல்லை.

ஒரு சனிக்கிழமை காலை நானே பையை எடுத்துக்கொண்டு போனேன். கடையில் நாலைந்து பேர் நின்றார்கள். அவர்களில் எங்கள் தெருக்காரப் பெண்மணி ஒருவரும் இருந்தார், என் கணவரின் பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தவர். என் முறை வந்தது. கடைக்காரர் கத்தியைத் தீட்டிக்கொண்டே, குழம்புக்கா வறுவலுக்கா என்று கேட்டார்.

"பூனைக்கி. கழுத்தெலும்போட நைசா கொத்திக் குடுங்க" என்றேன்.