ஜெனரேட்டர் கதவைத் திறக்கும் முன்

ஓசூர் அருகே எங்களுக்கு ரோஜாத் தோட்டம் இருக்கிறது. பறித்த பூக்களை வைக்கும் குளிர் அறைக்கு, மின்சாரம் போனால் டீசல் ஜெனரேட்டர்தான் துணை. தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் பிரிவில் வேலை பார்க்கும் என் மகள் பிரின்ஸியிடம், "ஆபத்தான அந்த மெஷின் வேலையே வேணாம், விட்டுடு" என்று தினமும் நச்சரிப்பேன்.

சென்ற வாரம் மதியம் மின்சாரம் போனது. ஜெனரேட்டர் சற்றே சுழன்று, ஸ்டார்ட் ஆகாமல் நின்றுவிட்டது. டீசல் ஏறவில்லை என்று நினைத்து, பக்கக் கதவைத் திறந்து கைப்பம்பை அழுத்தக் குனிந்தேன். அன்று விடுப்பில் இருந்த பிரின்ஸி ஓடிவந்து என்னைப் பின்னால் இழுத்தாள். அதே நொடியில் பெல்ட்டும் விசிறியும் சுழன்றன. என் முந்தானை அங்கிருந்து ஒரு சாண் தூரத்தில்தான் இருந்தது.

"சுவிட்ச் ஆட்டோ மோடுல இருக்கும்மா! கரண்டு போனா மூணு தடவ அதுவா ஸ்டார்ட் ஆகப் பாக்கும்!"

சுவிட்சை ஆஃப் செய்து, பேட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றினாள். பம்புக்கு டீசலைத் திறந்துவிடும் வால்வின் வயர் தளர்ந்திருந்ததைக் கண்டுபிடித்து இறுக்கினாள். பேட்டரி வயரை மறுபடி மாட்டி சுவிட்சைப் போட்டதும் இன்ஜின் ஓடியது.

"என்னைய வேலைய விடச் சொல்றியே, நீதாம்மா ஆபத்தான ஆளு!" என்று சிரித்தாள்.

இப்போதெல்லாம் மைனஸ் வயரைக் கழற்றாமல் அந்தக் கதவைத் திறப்பதில்லை. வேலையை விடு என்று அவளிடம் சொல்வதும் இல்லை.